நிக்கோடமஸ் ஊராருக்கு நன்றி

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து நிக்கோடமஸ் மக்களுக்கு வணக்கம்.

இது உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழி. உங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஆட்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

போன ஜூலைக் கடைசியில் 24ஆம் நெடுஞ்சாலையில் எங்கள் கார் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் அறுத்த கோதுமைத் தாள்தான், ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. பின்னால் பிக்கப் வண்டியில் வந்த ஐயா, நாங்கள் கேட்காமலே ஜாக்கியோடு இறங்கினீர்கள். ஸ்டெப்னியில் காற்றில்லை என்றதும் உங்கள் வண்டியிலிருந்தே காற்றடித்துக் கொடுத்தீர்கள். கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "ஊர்த் திருவிழா, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றீர்கள். உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டோம், மன்னியுங்கள்.

டவுன்ஷிப் ஹாலின் சுண்ணாம்புக்கல் சுவரோரம் எங்களை உட்காரவைத்துக் கதை சொன்ன பாட்டியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! 1877இல் கென்டக்கியிலிருந்து, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் சொந்த நிலம் தேடி வந்தது, எல்லிஸ் ரயிலடியிலிருந்து புல்வெளியில் நடந்தது, மரமே இல்லாததால் மண்ணைக் குடைந்து குடியிருந்தது எல்லாம் நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு வந்த வில்லியானா ஹிக்மன், "ஊர் எங்கே?" என்று கேட்டாராம். கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினாராம். அதைப் பார்த்து வில்லியானா அழுதார் என்று சொல்லும்போது உங்கள் குரலும் இறங்கிவிட்டது. முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடி வேட்டைக்காரர்கள் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததைச் சொன்னபோதுதான் முகம் மலர்ந்தது.

1888இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் போனதும் கடைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்று அங்கே இருப்பவர்கள் மிகக் கொஞ்சம். ஆனால் அந்தச் சனிக்கிழமை எத்தனை கார்கள், எத்தனை குழந்தைகள்! வெளியூரில் பிழைக்கிற பிள்ளைகள் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்புவது போலத்தான் எனக்குப் பட்டது. 1996இல் அரசு இந்த ஊரைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது நியாயம்தான். ஆனால், ஊரை ஊராக வைத்திருப்பது வருடம் தவறாமல் வரும் இந்த மக்கள்தான்.

பாட்டியம்மா, வழிக்கு என்று பீச் பழப் பலகாரம் வைத்துக் கொடுத்த தட்டு எங்களிடமே இருக்கிறது. தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் வழக்கமில்லை. அடுத்த ஜூலையில் முறுக்கோடு கொண்டுவருகிறோம்.