ஏ.ஆர்.ஈ. எழுதும் இளையவர்களுக்காக, அமெரிக்காவில் உள்ள மூத்த தமிழ்க் கட்டடக்கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். அமெரிக்காவில் சொந்தமாக அலுவலகம் நடத்துகிறவர்கள், பெரிய நிறுவனங்களில் பிராஜெக்ட் மேனேஜராகவோ பிரின்சிபலாகவோ இருக்கிறவர்கள் ஆகிய உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்திலோ திருச்சி என்.ஐ.டி.யிலோ மதுரையிலோ பி.ஆர்க். முடித்து, இங்கே எம்.ஆர்க். படித்து, இன்று உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் ஏ.ஆர்.ஈ. என்ற கட்டடக்கலைஞர் உரிமத் தேர்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகங்களும் மாதிரி வினாத்தாள்களும் அவர்களிடம் நிறையவே இருக்கின்றன. உங்களிடம் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றுதான் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஊரில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்தவர், 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொண்டு தொழிலில் இறங்கிவிடலாம். தனியாக ஓர் உரிமத் தேர்வு கிடையாது. இங்கே பட்டத்தோடு, ஏ.எக்ஸ்.பி. என்ற பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்யும் 3,740 மணி நேர வேலை அனுபவம், ஆறு பிரிவுகள் கொண்ட ஏ.ஆர்.ஈ., பிறகு மாநில வாரியத்தின் உரிமம் என்று வழி நீள்கிறது. அதுவரை எத்தனை மருத்துவமனைகளுக்கு வரைபடம் போட்டிருந்தாலும் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து உரிமம் கைக்கு வரச் சராசரியாகச் சுமார் 13 ஆண்டுகள் ஆகின்றன என்று இத்தேர்வை நடத்தும் என்கார்ப் அமைப்பின் அறிக்கைகளே சொல்கின்றன. கல்விக் கடனும் விசாக் கவலையும் சுமக்கிற ஒருவருக்கு 13 ஆண்டு என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். உரிமம் பெற்ற பிறகு, சனிக்கிழமைகளில் சில இளையவர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். அங்கே அடிக்கடி காண்கிற ஒரு காட்சியை விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு தங்கை. நல்ல திறமைசாலி. 1,500 சதுர அடி உணவுக்கூடம், மேசை நாற்காலிகள் போட்டது, எத்தனை வெளியேறும் வழிகள் வேண்டும் என்று கேட்டேன். பேனாவைக்கூட எடுக்கவில்லை. ஆளுக்கு 15 சதுர அடி, ஆகவே 100 பேர், 49-ஐத் தாண்டுவதால் இரண்டு வழிகள், தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அந்த இரண்டுக்கும் இடையே கூடத்தின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போதும் என்று மளமளவென்று சொன்னாள். அதற்கு அடுத்த கேள்வி: வேலை பாதியில் இருக்கிறது, உரிமையாளர் ஒரு மாற்றம் கேட்கிறார், ஒப்பந்தக்காரர் சொல்லும் விலை ஒத்துவரவில்லை, வேலையை நிறுத்தவும் முடியாது. எந்த ஆவணத்தைக் கொடுப்பீர்கள்? அவள் 'சேஞ்ச் ஆர்டர்' என்றாள். விடை தவறு. சேஞ்ச் ஆர்டருக்கு உரிமையாளர், ஒப்பந்தக்காரர், கட்டடக்கலைஞர் ஆகிய மூவரின் ஒப்புதலும் வேண்டும். விலையில் இணக்கம் இல்லாதபோது உரிமையாளரும் கட்டடக்கலைஞரும் கையெழுத்திட்டுக் 'கன்ஸ்ட்ரக்ஷன் சேஞ்ச் டைரக்டிவ்' கொடுக்கலாம். ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடர்வார், கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் கட்டுமான ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளான ஏ201-இன் அவளுடைய பிரதியில் அந்தப் பகுதி மஞ்சள் மையால் அடிக்கோடிடப்பட்டிருந்தது. படித்திருக்கிறாள். ஆனால் அப்படி ஓர் ஆவணத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. வெளியேறும் வழிகளின் கணக்கை வாரம் தவறாமல் போடுகிறாள், அதனால் அது கைப்பழக்கமாகிவிட்டது. ஒப்பந்தம், கட்டணம், பொறுப்பு, வழக்கு பற்றிய பேச்செல்லாம் மூடிய அறைக்குள் நடக்கிறது. அவள் வெளியே ரெவிட் வரைபட மென்பொருளில் கதவு அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஏ.எக்ஸ்.பி.யின் ஆறு பகுதிகளும் ஏ.ஆர்.ஈ.யின் ஆறு பிரிவுகளும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பது தற்செயல் அல்ல. அலுவலகத்தில் பழகியதைத்தான் தேர்வு சோதிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. மணி நேரக் கணக்கில் ஆவணத் தயாரிப்புக்கு 1,520, தொழில் நிர்வாகத்துக்கு வெறும் 160. தேர்வில் அந்தச் சலுகை இல்லை. ஆறையும் தனித்தனியே தேறியாக வேண்டும். அந்த 160 மணி நேரம் நான்கு வேலை வாரங்களுக்குச் சமம். அந்த நான்கு வாரங்களில் உங்களிடம் இருக்கும் இளையவர் உண்மையில் எதைப் பார்த்தார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உரிமையாளரும் கட்டடக்கலைஞரும் செய்துகொள்ளும் பி101 ஒப்பந்தம் ஒன்றையாவது முழுதாகப் புரட்டினாரா? ஒரு வேலைக்கு எவ்வளவு கட்டணம் கேட்பது என்று நீங்கள் யோசித்ததை அருகிலிருந்து கேட்டாரா? பெரும்பாலும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். உரிமையாளர், கட்டடக்கலைஞர், ஒப்பந்தக்காரர் மூவரும் கூடும் ஓ.ஏ.சி. கூட்டத்துக்குப் போகும்போது ஒருவரை உடன் அழைத்துப் போங்கள், ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுக்கட்டும். முடிந்துபோன ஒரு திட்டத்தின் ஒப்பந்தக் கோப்பை, தேவைப்பட்டால் தொகையை மறைத்துவிட்டு, படிக்கக் கொடுங்கள். ஒப்பந்தக்காரர் பணம் கேட்டு அனுப்பும் பட்டியல் வந்து ஏழு நாளுக்குள் நீங்கள் அதற்குச் சான்றளிக்க வேண்டியிருக்கிறதே, அப்போது எந்த வரியை வெட்டினீர்கள், ஏன் வெட்டினீர்கள் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். 'இந்தச் சுவருக்கு எப்படி முட்டுக் கொடுப்பது?' என்று தளத்தில் ஒரு மேற்பார்வையாளர் கேட்கும்போது, அது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று சொல்லி நீங்கள் ஒதுங்குவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர், கட்டும் முறை யாருடைய பொறுப்பு என்ற கேள்வியில் ஆயுளுக்கும் தவறமாட்டார்.

கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் பணம் கேட்க முடியாது என்பீர்கள். அது நியாயமான கவலைதான், சிறிய அலுவலகங்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பெரிய இழப்பல்ல. நாளைக்கு ஒப்பந்தக்காரர் விளக்கம் கேட்கும் ஆர்.எஃப்.ஐ.க்கும், ஒப்புதலுக்கு அனுப்பும் சப்மிட்டலுக்கும் தானாகப் பதில் எழுதக்கூடிய ஒருவரை உருவாக்க வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

'நாங்களும் யார் உதவியும் இல்லாமல்தான் எழுதினோம்' என்று சிலர் சொல்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியது வேறு தேர்வாக இருக்கலாம். ஏழு பிரிவுகளும் வரைந்து காட்டும் விக்னெட்டுகளும் கொண்ட 4.0 வடிவம் 2018 ஜூனோடு முடிந்துவிட்டது. 2016 நவம்பரில் வந்த 5.0-இல் வரைதல் இல்லை. பல ஆவணங்களைப் புரட்டி முடிவெடுக்க வைக்கும் கேஸ் ஸ்டடிகள் உள்ளன. முதல் பிரிவில் தேறியதும் ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று இன்றும் இளையவர்களை அவசரப்படுத்துகிறீர்கள். அந்த விதி 2023 ஏப்ரல் 30-உடன் போய்விட்டது. பழைய அச்சத்தைப் பிள்ளைகள் மீது ஏற்றாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிவு ஒன்றுக்கு 200 டாலருக்கு மேல் கட்டணம். 'தேறிவிட்டு வா, திருப்பித் தருகிறோம்' என்பது பல அலுவலகங்களின் வழக்கம். பல பிரிவுகளில் எழுதுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தேறுகிறார்கள். தவறினால் அதே பிரிவை மீண்டும் எழுத 60 நாள் பொறுக்க வேண்டும், கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். உதவி மிகவும் தேவைப்படுகிறவரைக் கைவிடும் ஏற்பாடு இது. முதல் முறைக்காவது கட்டணத்தை முன்கூட்டியே கொடுங்கள். தேர்வு நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். பெரிய பிரிவுகளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் திரைமுன் உட்கார்ந்து 100 கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறவரிடம், முந்தின இரவு பத்து மணிக்கு வரைபடத் தொகுப்பு அனுப்பச் சொல்லாதீர்கள். தவறிய செய்தியை அலுவலகம் முழுக்கப் பரப்பாதீர்கள். யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, இதற்குக் காசும் ஆகாது, நேரமும் ஆகாது. நடந்து எட்டு மாதத்துக்குள் பதிவு செய்யாத வேலைக்கு ஏ.எக்ஸ்.பி.யில் பாதி மதிப்புதான் கிடைக்கும் என்பதை, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இளையவர்களிடம் சொல்லுங்கள். இந்த விதி தெரியாமல் மணி நேரங்களை இழந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பதிவு செய்தவர்களிலும் பலர் மேற்பார்வையாளரின் ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், நினைவூட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள். இந்த வாரமே உங்கள் என்கார்ப் இணையக் கணக்கைத் திறந்து, நிலுவையில் இருப்பவற்றைப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். எந்தப் பகுதியில் மணி நேரம் குறைகிறது என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த தளக் கூட்டத்துக்கு யாரை அழைத்துப் போவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஹூஸ்டனிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர்