ஈர நோட்டுகளைக் காப்பாற்றிய கைகளுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும்.

நபிமொழிகளான ஹதீஸ்களின் தொகுப்பான ரியாளுஸ் ஸாலிஹீனுக்கு வாப்பா செய்த தமிழாக்கம் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உதவியவர்கள் பெயரை முன்னுரையில் போடலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன், ஒருவரும் சம்மதிக்கவில்லை. "செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே" என்பதுதான் அந்தக் கித்தாபின் (நூலின்) முதல் ஹதீஸ், அதை வைத்துக்கொண்டு பெயர் போடச் சொல்லுவோமா என்றார் அண்ணன் முறையுள்ள ஒரு காக்கா. சரி, பெயர் வேண்டாம். நீங்கள் செய்ததைச் சொல்ல மட்டும் விடுங்கள்.

வாப்பா வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர். குர்ஆனைத் தமிழில் தந்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி ஓதிய மதரஸாவில் தானும் ஓதினோம் என்பதில் அவருக்குக் கடைசிவரை பூரிப்பு. காயல்பட்டினத்துக்குத் திரும்பியபின் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாமத்து, மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என்று நாள் முழுக்க ஊருக்கே போய்விடும். ஃபஜ்ரு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகான இரண்டு மணி நேரம்தான் அவருடையது. 1989-ல் தொடங்கினார். ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி தொகுத்த ஏறக்குறைய 1,900 ஹதீஸ்கள், நீள நோட்டு 41-ல் நிறைந்தன. அரபு மூலத்தை மைப்பேனாவால் எழுதுவார். எழுத்தின் தடிப்பும் மெலிவும் சரியாக விழ வேண்டும் அவருக்கு. தமிழுக்கு பால்பாயின்ட் பேனா.

எழுதியதை உம்மாவிடம் வாசித்துக் காட்டுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் ஓதி வளர்ந்தவர் உம்மா. அடுப்படியில் இருந்தபடியே "இது எனக்கு விளங்கல" என்றால் அந்த வரி அடிபடும். இன்று அந்த நூலைச் சிறு பிள்ளைகளும் தடங்கலில்லாமல் படிக்கிறார்கள் என்றால் முதல் காரணம் உம்மாதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு நான் என்ன சொல்வது! 'ஹயா' ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்று வரும் ஹதீஸில் வாப்பா பல நாள் நின்றுவிட்டார். வெட்கம் என்று போட்டால் கூச்சம் என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லாஹ்வுக்கு முன் தவறு செய்யத் தயங்கும் மனசு அதில் வராது என்று தவித்தார். ஐயா திண்ணையில் உட்கார்ந்து குறளின் 102-ஆம் அதிகாரத்தை எடுத்தார். "கருமத்தால் நாணுதல்" என்று முதல் குறளிலேயே இருக்கிறதே ஹஜ்ரத், தகாத செயலுக்குக் கூசுவதுதானே நாணம் என்றார். வாப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 'நாணம்' என்றே அச்சாகியிருக்கிறது, ஐயா.

கண்ணில் நீர் அழுத்தம் கூடிப் பார்வை மங்கிய பிறகு, பாக்கியாத்தில் கூட ஓதிய மௌலவி மாமா தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் வந்து அரபை வாசிப்பார். வாப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஆறு வருஷம். மழை, காய்ச்சல் எதுவும் அவரைத் தடுக்கவில்லை.

பிறகு 2023 டிசம்பர். ஒரே நாளில் நம் ஊரில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கட்டிலுக்கடியில் இருந்த மரப்பெட்டி இரவிலேயே முங்கிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் வந்த பையன்கள், வாப்பாவைத் தூக்கி மாடியில் விட்டதும், திரும்பிப் போய்ப் பெட்டியையும் தலையில் சுமந்து வந்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

கரண்டு இல்லை, ஃபேன் இல்லை. வெயில் வந்ததும் தெருப் பெண்கள் எங்கள் மொட்டைமாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பரப்பி, மேலே கல் வைத்தார்கள். மைப்பேனா எழுத்தெல்லாம் கரைந்து ஊதாத் தண்ணீராக ஓடியிருந்தது. பால்பாயின்டில் எழுதிய தமிழ் அப்படியே நின்றது. நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு வாப்பா அமைதியாக, "அரபு எந்தக் கித்தாபிலும் கிடைக்கும் மக்களே, தமிழ்தான் வேற எங்கேயும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஒட்டிப்போன தாள்களைக் கரண்டு வந்தபின் இஸ்திரி போட்டுப் பிரித்த தங்கச்சி, 17-ஆம் நோட்டில் ஒரு பக்கம் கருகியதற்காக இன்றும் என்னைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்கிறாள். வேண்டாம்மா. அந்தப் பக்கத்தை வாப்பாவே மறுபடி சொல்லித் தந்தார். அவர் குரலில் நான் எழுதிய கடைசிப் பக்கங்களில் அதுவும் ஒன்று. 2024 நோன்பு முடிந்து சில வாரங்களில் அவர் வஃபாத்தானார், எங்களை விட்டு மறைந்தார்.

தட்டச்சு செய்தவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், அச்சுச் செலவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள், ஜனாஸாவைச் சுமந்தவர்கள் எல்லாருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைரா, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். உங்கள் பிரதிகளை வீட்டில் கட்டி வைத்திருக்கிறேன். மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், உம்மா கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹஜ்ரத்தின் மகள்