பெயர் கேட்க மறந்த அக்காவுக்கு நன்றி

சான் ஹோசேயில் செகண்ட் ஹார்வெஸ்ட் உணவு வங்கியின் விநியோகத்தில் எனக்கு உதவிய தன்னார்வலர் அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. கணவருக்கு வேலை போயிருந்த நேரம். முட்டை, கேரட், பருப்பெல்லாம் காரில் ஏற்றிவிட்டு, "கால்ஃபிரெஷுக்கு விண்ணப்பம் போட்டாச்சாம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். வருமானம் குறைந்தவர்கள் உணவுப் பொருள் வாங்க கலிஃபோர்னியாவில் கிடைக்கும் அரசு உதவிதான் கால்ஃபிரெஷ். விண்ணப்பித்தால் கவுண்டி (மாவட்ட) அலுவலகம் 30 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், ரொம்ப அவசரமென்றால் 3 நாளில் உதவி கிடைக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். வரிசை ஓய்ந்ததும் கார் பானெட் மேல் தாளை வைத்து, வாடகை ரசீது, சம்பளச் சீட்டு என்று தேவையானதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். கை நீட்டி நிற்பவரைக் கூச வைக்காமல் பேசுவது எல்லோருக்கும் வராது. அது அவருக்கு இயல்பாக வந்தது.

கால்ஃபிரெஷ் அட்டை வந்துவிட்டது, அக்கா. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.