வெள்ள இழப்பை வீதி வாரியாகக் கணக்கெடுங்கள்

ஐயா,

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள், சரி, நல்ல உதவிதான். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, யாருடைய தையல் மெஷின் வீணானது, இட்லிக் கடை கிரைண்டர் எத்தனை நாள் ஓடவில்லை என்பதெல்லாம் அந்த உதவித்தொகைப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. அது தெரியாமல் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் போடுவது?

உள்ளாட்சி, வருவாய்த்துறை, மின்வாரியம் மூன்றும் ஒரே படிவத்தில் பதியட்டும். குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே பயிற்சி கொடுங்கள். சுவரில் படிந்த தண்ணீர்க் கறையை, வீட்டுக்காரர் கழுவிவிடுவதற்குள் டேப் வைத்து அளந்து, தேதியோடு போட்டோ எடுக்க அவர்களால் முடியும். அப்புறம், வாடகைக்கு இருப்பவர்களையும் இங்கே கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

- ஒரு வாசகர், முடிச்சூர், சென்னை