கூச்சிங் பயணத்தை ஜூனுக்கு மாற்றுங்கள்: சுற்றுலா ஏற்பாடு செய்யும் தமிழ் அமைப்பினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களைக் குடும்பத்தோடு வெளிநாடு அழைத்துப் போகிற தமிழ் அமைப்புகள் சிங்கப்பூரில் பல இருக்கின்றன. விமான டிக்கெட்டிலிருந்து பாட்டிமார்களின் சைவச் சாப்பாடு வரை நீங்கள்தான் ஓடி ஓடிப் பார்க்கிறீர்கள், அதுவும் சம்பளம் இல்லாமல். அப்படி வந்து பயன்பெற்றவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். போர்னியோ தீவுக்கு இனி டிசம்பரில் போக வேண்டாம், ஜூனில் போகலாம். நான்கு நாளில் இரண்டு மாநிலம் என்று ஓடாமல், ஒரே ஊரில் ஆறு நாள் தங்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு டிசம்பரில் அப்படி ஒரு குழுவோடு என் அம்மாவும் நானும் என் மகளும் போனோம். மகள் அப்போது தொடக்கநிலை நான்கு. எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை. நான்கு நாள், மூன்று இரவு. முதலில் மலேசியாவின் சரவாக் மாநிலத்திலுள்ள கூச்சிங், அப்புறம் விமானம் ஏறிச் சபா மாநிலத்தின் கோத்தா கினபாலு. நாள் முழுக்க மழை. பாக்கோ தேசியப் பூங்காவுக்குப் படகு போகாது, கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தைக் கடைத்தொகுதியில் கழித்தோம்.

செமெங்கோ காட்டில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூச்சிங் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது அந்தக் காடு. பிடிபட்டும் தாயை இழந்தும் வந்த ஓராங் ஊத்தான்களைத் திரும்பக் காட்டில் வாழப் பழக்குவதற்காக 1975-இல் அந்த மையத்தைத் தொடங்கினார்கள். காலை ஒன்பது மணிக்கு ஊழியர் ஒருவர் வாழைப்பழமும் தேங்காயும் கொண்டுவந்து மேடையில் வைத்தார். காட்டைப் பார்த்து நீளமாகக் குரல் கொடுத்தார். அரை மணி நேரம் நின்றோம். ஓர் அணில் வந்து பழத்துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது, அவ்வளவுதான். "பழக்காலம், வரமாட்டார்கள்" என்றார் ஊழியர். நம் பேருந்தில் ஒருவர் "காசு தண்டம்" என்று சத்தமாகவே சொன்னார். என் மகள் மட்டும் கேட்டாள்: "அம்மா, அப்போ அவங்க வீட்லயே சாப்பாடு இருக்கா?"

இருந்தது. ஆண்டின் கடைசி மாதங்களில் காட்டு மரங்கள் காய்க்கத் தொடங்கிவிட்டால், மனிதர் வைக்கும் வாழைப்பழம் அந்த விலங்குகளுக்குத் தேவையில்லை. அவை வராமல் இருந்ததுதான் அந்த மையத்தின் வெற்றி. அன்று நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லப் பேருந்தில் ஒருவரும் இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் கிளம்பி, நினைவுப்பொருள் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

போன ஜூனில் நாங்கள் மூவரும் தனியாகவே திரும்பப் போனோம். கூச்சிங்கில் மட்டும் ஆறு நாள். சாங்கியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். அதே செமெங்கோவில், அதே மேடைக்கு, வயிற்றில் ஒட்டிய குட்டியோடு ஒரு தாய் வந்தாள். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் ஆறிலிருந்து எட்டு வருட இடைவெளி விடுகிற இனம் அது. கயிற்றில் தொங்கியபடியே ஒரு கையால் தேங்காயை எடுத்து, மரத்தில் ஓங்கி ஓங்கி அடித்து உடைத்தாள். தண்ணீர் வழிந்ததும் அண்ணாந்து வாயில் பிடித்தாள். என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் போடுற மாதிரியே உடைக்குது பாரு."

ஜூன் என்று நான் சொல்வதற்குக் காரணம் மழை குறைவு என்பது மட்டுமல்ல. நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்குகிறது. ஜூன் 1, 2 தேதிகளில் சரவாக்கில் காவாய் டாயாக், அங்குள்ள டாயாக் பழங்குடியினரின் அறுவடைத் திருநாள். நமக்குப் பொங்கல் மாதிரி. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் நீளவீட்டுக்குத் திரும்பி வருகிற நேரம். ஒரு ஊரே ஒரே கூரையின் கீழ் வாழ்கிற வீடு அது. குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் எல்லோருக்கும் பொதுவாக நீண்ட தாழ்வாரம். அதை ருவாய் என்கிறார்கள். திருநாள் நேரம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நாற்பது பேராகத் திடீரென்று போய் நிற்கக்கூடாது.

நாங்கள் போன வீட்டில், டாயாக் மக்களில் ஒரு பிரிவான இபான் இனத்துப் பாட்டி ஒருவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூவா கும்பு என்கிற துணியை நெய்துகொண்டிருந்தார். நம் மதுரைச் சுங்குடிக்குத் துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். இவர்கள் நெய்வதற்கு முன்பே பாவு நூலைக் கட்டிச் சாயம் ஏற்றிவிடுகிறார்கள். வடிவம் முழுவதும் அந்தப் பாட்டியின் மனத்தில் இருக்கிறது. என் அம்மாவுக்கு இபான் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த கொஞ்சம் மலாயிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. மதியம் மிடின் என்கிற சுருள் கீரையை, பெலாச்சான் என்கிற இறால் விழுது வேண்டாம் என்று சொன்னதும், பூண்டு மட்டும் போட்டு வதக்கித் தந்தார்கள். சைவக்காரர்களுக்கு அங்கே சாப்பாடு கிடைக்காது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாக்கோவுக்குப் படகு ஓடியது. 1957-இல் அமைந்த பூங்கா, சரவாக்கிலேயே மிகப் பழையது. போர்னியோவை விட்டால் வேறெங்கும் இல்லாத நீள்மூக்குக் குரங்கைச் சதுப்புநில மரத்தில் பார்த்தோம். படகோட்டி இயந்திரத்தை அணைத்ததும் அது இலை மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது. அப்படிப்பட்ட இடங்களுக்குச் சிறு குழுவாகப் போக வேண்டும், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது மாத்தாங் மலை. இதை எந்தத் தமிழ்ச் சுற்றுலாப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. புரூக் என்ற ஆங்கிலேயக் குடும்பம் சரவாக்கை ஆண்ட காலத்தில் அந்த மலையில் தேயிலையும் காப்பியும் பயிரிட்டார்கள். வேலைக்கு வந்த தமிழர்கள் அங்கே ஒரு மாரியம்மன் கோயிலை எழுப்பினார்கள். தோட்டம் போய்விட்டது, காடு திரும்ப வளர்ந்து மூடிவிட்டது. கோயில் நூறு வருடத்தைத் தாண்டி அங்கேயே நிற்கிறது. அம்மா வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். மேலே போனதும் ஈசூனிலிருந்து கொண்டுபோன கற்பூரத்தை ஏற்றிவிட்டு, "இங்க யாரு பெத்த பிள்ளைங்க வந்து கஷ்டப்பட்டாங்களோ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நம் இளையர்களை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே தீவின் கிழக்கில், இப்போதைய இந்தோனேசியாவின் கூத்தாய் பகுதியில், சுமார் கி.பி. 400-ஐச் சேர்ந்த வேள்வித்தூண்கள் கிடைத்தன. மூலவர்மன் என்ற அரசனின் கொடையைச் சொல்லும் அந்தச் சமஸ்கிருத வரிகள் பல்லவ எழுத்தில் இருக்கின்றன. இதையெல்லாம் பயணத்துக்கு முந்தின வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அழைத்துப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இல்லாவிட்டால் அவர்களுக்குப் போர்னியோவிலிருந்து வந்து சேர்வது காட்டுத்தீயின் புகைமூட்டம் ஒன்றுதான்.

கினபாலு? 4,095 மீட்டர் மலை அது. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் நம் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அங்கே இழந்தோம். பேருந்துச் சன்னல் வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிற இடமாக அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு வருடம் ஒதுக்கலாம். சரவாக்கின் முலு குகைகளுக்கும் அப்படியே. போர்னியோ சுமார் 7,43,000 சதுர கிலோமீட்டர், நம் சிங்கப்பூரைப் போல ஆயிரம் மடங்கு. ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

செலவு கூடும், தெரியும். இரண்டாவது விமானப் பயணத்தை விட்டுவிட்டால் அந்தக் காசிலேயே இரண்டு இரவு கூடுதலாகத் தங்கலாம். உள்ளூர் வழிகாட்டிக்கும் கொடுக்கலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு, மாத்தாங் போகும் நாளில் கூச்சிங்கின் போர்னியோ பண்பாட்டு அரும்பொருளகம் இருக்கிறது. 2022-இல் திறந்தது, ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம்.

அடுத்த பயணத்துக்கான கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள். எங்கள் ஆறு நாள் கணக்கையும், எங்கே எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மகளும் வருகிறாள். செமெங்கோவில் ஓராங் ஊத்தான் ஏன் வரவில்லை என்பதைப் பேருந்தில் தானே சொல்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஓர் உறுப்பினர்