நாற்பது பாட்டுக்குள் நாலு புதுசு

குலசேகரம்,
ஆனி மாதம்.

அன்புள்ள தாணு,

நலம். நீயும் மயினியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. மழைத்தண்ணி படாமல் ரெயின் கார்டு போட்ட ரப்பர் மரங்களில் மட்டும் பால்வெட்டு நடக்கிறது, மற்ற மரமெல்லாம் சும்மா நிற்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. கொச்சப்பி பேச்சிப்பாறை ரோட்டில் வீடு வைக்கிறான், ஆவணியில் பால்காய்ச்சு. ஊர் விசேஷம் அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கேசட்டில் கிடக்கிற, நாம் வாசித்துப் பதிந்த பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து ஆல்பமாகப் போடலாம், கூடவே புதிதாக ரெண்டு சேர்க்கலாம் என்று நான் கேட்டேன். நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய்: “ஃபார்ட்டி லிக்ஸில் அந்தப் புது நாலையும் எவன்லே கேட்டான்?”

இதற்குப் பதிலைப் போனில் சொல்லி முடியாது மக்கா. அதனால்தான் காகிதம். வெட்டு இல்லாத சாயங்காலமெல்லாம் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் பேண்டின் அந்த ஃபார்ட்டி லிக்ஸ்தான் ஓடிற்று, பழசும் புது நாலுமாக நாற்பது பாட்டு, நாக்குப் படம் போட்ட டபுள் சிடி. ஒரு பாட்டையும் தாண்டவில்லை.

முதலில், இந்தத் தொகுப்பே வெறும் ‘வியாபாரம்’ என்கிற உன் பேச்சு. வியாபாரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ரோலிங் ஸ்டோன்ஸின் அறுபதுகளின் பாட்டெல்லாம் அவர்களின் பழைய மேனேஜர் ஆலன் கிளைனின் ஆப்கோ கம்பெனி கையில் இருந்தது. 1971-இலிருந்து வந்தவை பேண்டின் சொந்த லேபிளில். இந்த ரெண்டு சொத்தும் பாகம் பிரித்த வீடு மாதிரி தனித்தனியாகவே கிடந்தன. சாட்டிஸ்ஃபேக்‌ஷனும் எழுபதுகளின் மிஸ் யூவும் ஒரே உறைக்குள் வந்தது 2002-இல், பேண்ட் தொடங்கி நாற்பதாவது வருஷத்தில், இந்த ஆல்பத்தில்தான். அதுவும், நம் காலத்தில் நாகர்கோவிலில் யாரிடம் முழு ஸ்டோன்ஸ் இருந்தது? கேசட்டுக்குக் கேசட் பதிந்து இரைச்சலோடு கேட்டவர்கள் நாம். 2003 ஏப்ரலில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறிப் போய், பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்கள் கச்சேரிக்கு மழையில் நனைந்துகொண்டு நின்றோமே, அந்தப் பயணம் முழுக்க இந்த நாற்பதையும்தானே மாறி மாறிப் பாடினோம்.

குறை இல்லை என்று சொல்லவில்லை. முதல் சிடியில் கால வரிசையே கிடையாது. 1968-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன் முதலில் நிற்க, 1964-இன் நாட் ஃபேட் அவே ஒன்பதாவதாக வருகிறது. இது உனக்குப் பிடிக்கிறது, எனக்கு ஆகவே ஆகாது. அறுபதுகளில் பேண்டில் கிடார் வாசித்த பிரையன் ஜோன்ஸின் கதை அப்படியே சிதறிப்போகிறது. 1966-இல் அண்டர் மை தம்பில் மரிம்பா என்கிற மரக்கட்டை வாத்தியம், பெயின்ட் இட் பிளாக்கில் சித்தார், அப்புறம் ரூபி டியூஸ்டேயில் ரெக்கார்டர் குழல் என்று, கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்து வாசித்த மனிதர். அந்தப் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்திருந்தால், ஒரு கிடார் பேண்ட் மூன்று நாலு வருஷத்தில் எங்கிருந்து எங்கே போயிற்று என்று புதிதாகக் கேட்கிற பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

வெயிட்டிங் ஆன் எ ஃபிரெண்ட் பாட்டை இதில் சேர்க்காமல் விட்டதற்கு மன்னிப்பே கிடையாது. ஜாஸ்காரர் சானி ராலின்ஸின் சாக்சபோனை வெளியே நிறுத்திவிட்டு மிக்ஸ்டு எமோஷன்ஸுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்!

சரி, அந்தப் புது நாலு. 2002-இல் பாரிஸில் பதிந்தவை. டோன்ட் ஸ்டாப், ரெண்டாவது சிடியில் பீஸ்ட் ஆஃப் பர்டன் முடிந்த கையோடு வருகிறது. கீத்தும் ரோனி உட்டும் ரெண்டு கிடாரை ஒன்றுக்குள் ஒன்று பின்னி வாசித்த பழைய பாட்டு அந்த பீஸ்ட் ஆஃப் பர்டன். அதன் பின்னால் எதை நிறுத்தினாலும் வாடித்தான் போகும். டோன்ட் ஸ்டாப் மோசமில்லை, திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிடார் ரிஃப் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் மீ அப் போன வழியிலேயே போகிறது. ஸ்டார்ட் மீ அப்போ இதே சிடியின் முதல் பாட்டு. காது சும்மா இருக்குமா? கீஸ் டு யுவர் லவ்வில் பாடகர் மிக் மேல் ஸ்தாயியில் குழைகிறார். அதையும் ஃபூல் டு க்ரையிலும் எமோஷனல் ரெஸ்க்யூவிலும் கேட்டாயிற்று. ஸ்டீலிங் மை ஹார்ட் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இந்த மூன்றுக்கும் உன் பக்கம்தான் நான்.

நாலாவதை மட்டும் விட்டுத்தர மாட்டேன். லூசிங் மை டச், நாற்பதில் கடைசி. கீத் பாடுகிறார். மெதுவான பாட்டு, அவசரமாகக் கிளம்ப வேண்டிய ஒருவன் விடைபெறுகிற பாட்டு. நீ இதை முழுசாகக் கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்கு நிச்சயம். இதே சிடியில் டோன்ட் ஸ்டாப்புக்கு அடுத்து ஹேப்பி இருக்கிறது, அதே கீத் பாடி 1972-இல் வந்தது. அதைப் போடு, உடனே கடைசிப் பாட்டைப் போடு. முன்னதில் கத்திக்கொண்டு ஓடுகிற குரல், பின்னதில் கரகரத்து, ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைக்கிறது. இருபத்தெட்டு வயசில் இப்படிப் பாடியிருக்க அவரால் முடியாது. மற்ற மூன்றும் வயசை மறைக்கப் பார்க்கின்றன, இது வயசை வைத்தே பாடுகிறது. இதைக் கேட்ட பிறகு ஹேப்பியே எனக்கு வேறு பாட்டாகிவிட்டது.

அப்புறம் சார்லி. உன்னிடம் ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸைப் பற்றி நான் பேசுவது அதிகப்பிரசங்கம்தான், ஆனாலும் கேள். ஸ்னேர் டிரம்மை அடிக்கும்போது, ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டிலிருந்து வலது கையைத் தூக்கிவிடுவார், ரெண்டும் சேர்ந்து விழாது என்று எனக்கு முதலில் காட்டித் தந்தவன் நீ. தக்கலையில் அந்தச் சின்ன அறையில், பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் தட்டிக் காட்டினாய். இப்போது எந்தப் பாட்டிலும் என் காது அந்த இடைவெளிக்குத்தான் போகிறது. யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட், ஹேப்பி ரெண்டுக்கும் டிரம்ஸ் சார்லி இல்லை, புரொடியூசர் ஜிம்மி மில்லர் என்றும் நீதான் சொன்னாய். பிரையன் போனார், மிக் டெய்லர் வந்து போனார், பில் வைமன் போனார். அந்தக் கை மட்டும் மாறவில்லை.

கேசட் சத்தம் வெளியில் கேட்கக் கொள்ளாது என்றாயே, அதற்கும் பதில் இந்த ஆல்பத்திலேயே இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேனின் அடிப்படை கீத்தின் சின்ன கேசட் ரெக்கார்டரில் பதிந்தது. சாதாரண அக்கூஸ்டிக் கிடாரை மெஷின் தாங்காத அளவுக்கு ஏற்றி வாசித்தார்கள். சார்லி அடித்தது 1930-களின் பயிற்சி டிரம் ஒன்று, பெட்டிக்குள் மடக்கி வைக்கிற சாமான். அதைத்தான் நாற்பதுக்கும் முதலில் வைத்திருக்கிறார்கள்.

உன் தோள்வலியை நான் லேசாக எடுக்கவில்லை. மயினி என்னிடம் எல்லாம் சொன்னாள். ஊசி போட்டும் கை தலைக்கு மேல் எழும்பவில்லை என்று கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. இருந்தாலும் ‘இனி பழசை வைத்து ஓட்டினால் போதும்’ என்று நீ சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சார்லிக்கு 2004-இல் தொண்டையில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து திரும்பி, அடுத்த வருஷமே புது ஆல்பத்துக்கு வாசித்தார். 2021 ஆகஸ்டில் எண்பது வயசில் போய்ச் சேர்ந்தார். 2023-இல் வந்த ஆல்பத்திலும் ரெண்டு பாட்டில் அவர் கை இருக்கிறது. உனக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை.

நான் போட்டிருக்கிற மெட்டு மெதுவானது, ஆறு-எட்டு தாளம். கையை உயர்த்த வேண்டிய இடமே கிடையாது; ஸ்னேர், கிக், ஹை-ஹாட் போதும். இன்னொரு பாட்டை நீ போடு. புதுசு ரெண்டையும் நடுவில் ஒளித்து வைக்க வேண்டாம், கடைசியில் சேர்த்தே வைப்போம், பிடிக்காதவன் அங்கே நிறுத்திக்கொள்ளட்டும். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் பேசி வைத்திருக்கிறேன். பால்காய்ச்சுக்கு எப்படியும் வருவாய், ரெண்டு நாள் கூட லீவு போடு. ஸ்டிக்கை மறக்காதே, கொச்சப்பியின் மகன் வைத்திருப்பது உன் கைக்கு ஆகாது, ரொம்ப கனம். மெட்டை இன்று ராத்திரி வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு உண்மையைச் சொல்.

அன்புடன்,
உன் சுயம்பு