மேலே போக வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு நன்றி

ஸ்ரீநகர் வானிலை மையத்தாருக்கும், குல்மர்க் பனிச்சறுக்கு ரோந்துக் குழுவினருக்கும், கொண்டோலா என்கிற ரோப் கார் ஊழியர்களுக்கும் வணக்கம்.

ஜனவரிக் கடைசியில் பனிச்சறுக்குப் பழக வந்த சென்னைக் குழுவின் சார்பாக எழுதுகிறேன். புயல் எச்சரிக்கை கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பனிமலைக்கான அறிவிப்பை எப்படிப் படிப்பது என்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டோம்.

மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து ஒரு மேற்கத்திய இடையூறு, அதாவது குளிர்காலத்தில் மழையும் பனியும் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வு, வருவது, அது ஈரானைத் தாண்டும்போதே செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துவிடுகிறது. சறுக்க வருபவருக்கு அது மட்டும் போதாது. எத்தனை மணிக்குத் தொடங்கும், ஊருக்குள் மழையா பனியா, உச்சியில் காற்று எவ்வளவு என்று தெரிய வேண்டும். குல்மர்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் போய்ச் சேரும் அஃபர்வத் மலையோ 3,900 மீட்டருக்கும் மேலே. கீழே தூறல் விழும் நேரத்தில் மேலே பனிப்புயல் அடிக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும், மேல்மலையில் கனமாக இருக்கும் என்று முதல் நாள் மாலையே சொன்னீர்கள். காலையில் வந்த மூன்று மணி நேர முன்னறிவிப்பு அதை இன்னும் துல்லியமாக்கியது. எங்கள் பயிற்சியாளர் அதை வைத்துத்தான் பாட நேரத்தையே மாற்றினார்.

மறுநாள் நல்ல வெயில். எல்லாருக்கும் மேலே போக ஆசை. அன்றுதான் இரண்டாம் கட்டத்தை மூடி வைத்திருந்தீர்கள்.

ஏன் என்று கேட்டதற்கு ரோந்துக் குழு அண்ணன் ஒருவர் கொண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கோங்டூரிக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் குழி வெட்டிக் காட்டினார். பனியில் முப்பது சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு தூணைப் பிரித்து, மேலே மண்வெட்டியை வைத்து, முதலில் மணிக்கட்டு அசைவில் பத்துத் தட்டு, அப்புறம் முழங்கையிலிருந்து. அந்த இரண்டாவது சுற்றிலேயே மேல் அடுக்கு மட்டும் பலகை போல நழுவி வந்தது. இரவுக் காற்று முகட்டைத் தாண்டி அள்ளிக் கொட்டிய பனி, அடியில் பலவீனமான அடுக்கு. 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வத்தில் பனிச்சரிவு போலந்து நாட்டவர் இருவரின் உயிரைப் பறித்தது. அதைச் செய்தியில் படித்திருந்தும், காரணம் அன்றுதான் புரிந்தது.

வரிசையில் நின்றவர்கள் கோபப்பட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த தம்பி கடைசிவரை குரலை உயர்த்தாமல் ஒவ்வொருவருக்கும் அதே விளக்கத்தைச் சொன்னார். அவருக்குத் தனி நன்றி.

பனிச்சரிவு அபாய அறிவிப்பு தரும் சண்டிகர் டிஜிஆர்இ என்னும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்கும், சில்லை கலானின் நாற்பது நாள் குளிரைப் பற்றிச் சொல்லியபடியே கஹ்வா என்கிற காஷ்மீர்த் தேநீர் ஊற்றித் தந்த விடுதி அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

அடுத்த குளிர்காலமும் வருகிறோம். அஃபர்வத் மூடியிருந்தால் சரி, கோங்டூரியிலேயே பழகிக்கொள்கிறோம்.

அன்புடன்,
சென்னைப் பனிச்சறுக்குக் குழு